தெற்குத் தீவுகளில் ஒரு பகல்: சிங்கப்பூரின் சிறுகுழுப் படகுப் பயணம்

சிங்கப்பூரை ஒரே தீவாகக் கருதுவது வழக்கமாகிவிட்டாலும், அந்நாட்டின் கடல் எல்லைக்குள் பெரிதும் சிறிதுமாக 60க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றுள் தென்கரைக்கு எதிரே செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு, சிஸ்டர்ஸ் முதலான தீவுகள் ஒரு கொத்தாக அமைந்திருக்கின்றன. தெற்குத் தீவுகள் என்று பொதுவாக அழைக்கப்படும் இவற்றில் ஊர் என்று சொல்லத்தக்க குடியிருப்பு இன்று எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து யாட் எனப்படும் உல்லாசப் படகு ஒன்றில் காலையில் புறப்பட்டு, இத்தீவுகளின் மணற்கரையில் பகலைக் கழித்து, பொழுது சாய்வதற்குள் நகருக்குத் திரும்பும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவலாகி வருகிறது. முன்பு செல்வர்களுக்கும் படகு மன்ற உறுப்பினர்களுக்கும் மட்டுமே வாய்த்திருந்த இவ்வனுபவம், பலர் செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தபின், நடுத்தரக் குடும்பங்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் எட்டும் நிலைக்கு வந்திருக்கிறது.

விளம்பரங்கள் இப்பயணத்தை வெண்மணலாகவும் தென்னை நிழலாகவும் மட்டுமே காட்டுகின்றன. அவை காட்டாத செய்திகளோ ஏராளம். படகு கடந்து செல்லும் நீர்ப்பரப்பு உலகின் மிக நெரிசலான துறைமுகங்களுள் ஒன்றின் நடுப்பகுதி. நங்கூரமிட்டு நிற்கும் இடத்திற்கு அருகிலுள்ள தீவு, தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பல்லாயிரவர் சிங்கப்பூரில் முதன்முதலாகக் கால் பதித்த மண். அலைக்கு அடியில் இருப்பது நூற்றுக்கணக்கான வகைகளைக் கொண்ட பவளப்பாறை. இவற்றை அறிந்து செல்பவருக்கு அந்த ஒரு பகல் தரும் நிறைவு, மணலை மட்டும் நாடிச் செல்பவருக்குக் கிடைப்பதைவிடப் பன்மடங்கு பெரிதாக அமையும்.

படகும் அதை நடத்தும் முறையும்

இப்பயணங்களுக்குப் பயன்படும் படகுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இயந்திர விசையால் மட்டுமே ஓடும் மோட்டார் யாட். இரண்டாவது, காற்றின் துணையோடு செல்லும் பாய்மர யாட். ஆனால் சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கு ஆண்டின் பெரும்பகுதியில் காற்று மெல்லியதாகவே வீசுகிறது; ஆகவே பாய்மரப் படகுகளும் பாதி வழியை இயந்திரத்தின் உதவியோடு கடப்பது உண்டு. மூன்றாவது கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகு. இரண்டு மெல்லிய உடல்களின் மேல் அகன்ற தளம் அமைந்திருப்பதால் இது பக்கவாட்டில் குறைவாகவே ஆடும். முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் இதையே பெரும்பாலும் விரும்புகின்றன.

படகை அமர்த்துவதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒரு குழு முழுப் படகையும் சில மணி நேரத்திற்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வது ஒன்று; இதற்குப் பல நூறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், செலவாகும். அறிமுகமற்ற பயணிகள் ஆளுக்கோர் இடமாகப் பதிவுசெய்து ஒரே படகில் செல்வது மற்றொன்று. தனியாகவோ இருவராகவோ செல்ல விரும்புவோருக்கு இதுவே ஏற்றது. புறப்படும் இடங்களில் செந்தோசா கோவில் உள்ள ஒன்டிகிரி15 மரினாவும், கெப்பல் பே மரினாவும் குறிப்பிடத்தக்கவை. மரினா என்பது தனியார் படகுகளைக் கட்டிவைக்கவும், அவற்றுக்கு நீரும் மின்சாரமும் எரிபொருளும் வழங்கவும் அமைக்கப்பட்ட சிறு துறை. அங்கிருந்து லாசரஸ் தீவை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம்.

சிங்கப்பூர்த் துறைமுக எல்லைக்குள் ஓடும் இத்தகைய படகுகளுக்கு கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் தேவை. இயந்திரப் படகைச் செலுத்துபவரும் அதற்குரிய தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஒரு படகு எத்தனை பேரை ஏற்றலாம் என்னும் வரம்பு அதன் உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கைக்கு ஈடான உயிர்காப்பு மேலங்கிகளும் படகில் இருக்க வேண்டும். பதிவுசெய்வதற்கு முன் இவ்விரண்டையும் கேட்டறிவது பயணியின் உரிமை மட்டுமன்று, உடன் வரும் குழந்தைகளுக்கு அவர் ஆற்ற வேண்டிய கடமையும் ஆகும்.

பெருங்கப்பல்களின் இடையே

மரினாவின் வாயிலைக் கடந்ததும் பயணியின் கண்ணில் முதலில் படுவது கப்பல்களின் வரிசை. எந்த வேளையிலும் ஏறத்தாழ ஆயிரம் கப்பல்கள் நிற்கும் துறைமுகம் இது. சரக்குப்பெட்டிக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள், அவற்றுக்கு எரிபொருள் நிரப்பும் சிறு கப்பல்கள் ஆகியவை இடைவிடாமல் வந்து போகின்றன. இத்தகைய நீரில் ஓர் உல்லாசப் படகு எங்ஙனம் பாதுகாப்பாகச் செல்கிறது என்பதற்கு விடை, கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்காக 1972இல் உருவாக்கப்பட்ட பன்னாட்டு விதிகளில் இருக்கிறது. பொதுவாக இயந்திரப் படகு பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்று அவ்விதிகள் கூறினாலும், குறுகிய கால்வாய்களிலும் கப்பல்களுக்கென வகுக்கப்பட்ட வழித்தடங்களிலும் 20 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள எந்தப் படகும், எந்த நீளமுள்ள பாய்மரப் படகும், அங்குச் செல்லும் பெருங்கப்பலுக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்றும் விதிக்கின்றன. முழு வேகத்தில் வரும் பெருங்கப்பல் ஒன்று நிற்பதற்குச் சில கிலோமீட்டர் தூரம் பிடிக்கும் என்பதே இவ்விதிக்குக் காரணம். ஆகவே படகோட்டி திடீரென வேகத்தைக் குறைத்து நடுவழியில் காத்திருந்தால், அது தாமதமன்று, திறமையின் அடையாளம்.

கடலேற்றமும் வற்றமும் படகோட்டியின் கணக்கில் அடுத்த இடம் பெறுகின்றன. சிங்கப்பூரில் கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர்நிலைக்கும் தாழ்நிலைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ மூன்று மீட்டர் வரை செல்லும். இவ்வளவு நீர் தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய வழிகளில் புகுந்து வெளியேறுவதால், மேலே அமைதியாகத் தோன்றும் இடத்திலும் அடியில் வலுவான நீரோட்டம் இருக்கக்கூடும். நன்கு நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு மேலங்கியின்றிப் படகிலிருந்து குதிக்கலாகாது என்று படகோட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

நங்கூரமிடுவதும் தனிக்கலை. நீரின் ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீளமுள்ள சங்கிலியை விட்டால்தான் நங்கூரம் அடிமணலைக் கவ்விப் பிடிக்கும். நீரோட்டத்தின் திசை மாறும்போது படகு அந்தச் சங்கிலியின் நீளத்தில் வட்டமாகச் சுழலும் என்பதால், பக்கத்துப் படகுகளுக்கும் பாறைகளுக்கும் போதிய இடைவெளி விட வேண்டும். படகின் அடிப்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழத்தின் காரணமாக யாட்டுகள் மணற்கரையை நெருங்க முடிவதில்லை. பயணிகள் டிங்கி எனப்படும் சிறு ரப்பர் படகிலோ, நீந்தியோதான் கரைசேர்கின்றனர்.

லாசரஸ்: மனிதர் அமைத்த கரை

பெரும்பாலான சிறுகுழுப் பயணங்களின் இலக்கு லாசரஸ் தீவின் பிறைவடிவ மணற்கரை. இயற்கையின் கொடையென்றே காண்பவர் எண்ணும் இக்கரை, உண்மையில் பொறியாளர்கள் வரைந்து அமைத்த ஒன்று. லாசரஸையும் அதனருகிலிருந்த செரிங்காட் என்னும் சிறுதீவையும் நிலமீட்பின் மூலம் இணைக்கும் பணி 2006இல் நிறைவடைந்தது. கொண்டுவந்து கொட்டப்பட்ட மணலும், நட்டு வளர்த்த தென்னைகளும் சேர்ந்தே இன்றைய காட்சியை உருவாக்கின. இரு முனைகளும் அலையைத் தடுப்பதால் நடுவிலுள்ள நீர் குளம்போல் அடங்கி நிற்கிறது. லாசரஸிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் ஒரு பாலவழி போடப்பட்டிருப்பதால், மூன்று தீவுகளையும் ஒரே பகலில் நடந்தே பார்த்துவிடலாம். இவற்றின் நிர்வாகம் 2017 முதல் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் இருக்கிறது.

லாசரஸுக்கு முன்பு பூலாவ் செக்கிஜாங் பெலெப்பா என்றும், செயின்ட் ஜான்ஸுக்குப் பூலாவ் செக்கிஜாங் பெண்டேரா என்றும் மலாய்ப் பெயர்கள் வழங்கின. தெற்குத் தீவுகளில் மீன்பிடித்து வாழ்ந்த மலாய் மக்களும் ஓராங் லாவுட் எனப்படும் கடல்வாழ் மக்களும், நாடு வேகமாக வளர்ந்த காலத்தில், பெருந்தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். இன்று வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றும் கரைகள் ஒரு காலத்தில் தொழுகையிடமும் படகுகளும் பிள்ளைகளும் நிறைந்த கம்பங்களாக, அதாவது சிற்றூர்களாக, இருந்தன என்பதைப் பயணி மறக்கலாகாது.

தமிழர் வந்திறங்கிய தீவு

தெற்குத் தீவுகளில் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது செயின்ட் ஜான்ஸ். 1819 ஜனவரி 28 அன்று சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் கப்பல்கள் இத்தீவின் அருகேதான் நங்கூரமிட்டன. ஆயினும் அத்தீவின் பெயர் எளிய மக்களின் வாழ்வோடு பிணைந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர். 1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவி உயிர்ப்பலி வாங்கியதைத் தொடர்ந்து, கப்பல்களில் வருவோரைத் தனியே நிறுத்திச் சோதிப்பதற்காக 1874இல் செயின்ட் ஜான்ஸில் நோய்த்தடுப்பு முகாம் அமைக்கப்பட்டது. 1930களில் அது உலகின் மிகப் பெரிய தனிமைப்படுத்தும் முகாம்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது.

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலாயாவுக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய துறைகளைத் தொட்டுச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜுலா கப்பலின் பெயர், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் பழைய பேச்சில் இன்றும் அடிபடுகிறது. அறை எடுக்க வசதியில்லாமல் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் தளப் பயணிகள் எனப்பட்டனர். தனிமைப்படுத்தலின் சுமை பெரும்பாலும் அவர்கள் மீதே விழுந்தது. அம்மை, வாந்திபேதி, பிளேக் ஆகியவற்றின் அறிகுறி தேடிச் சோதனை நடக்கும். உடைமைகள் நச்சுநீக்கம் செய்யப்படும். நாள்கள் கழிந்து, நோயில்லை என்று உறுதியான பிறகே நகருக்குள் நுழைய அனுமதி கிடைக்கும். நோயுற்றவர்களுள் மீளாமல் போனவர்கள் அண்டையிலுள்ள லாசரஸில் அடக்கம் செய்யப்பட்டனர். இன்று பயணிகள் வெயில் காயும் தீவின் மண்ணில், ஊருக்குக் கடிதம்கூட எழுதிப் போட முடியாமல் மறைந்தவர்கள் உறங்குகின்றனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தீவு அரசியல் கைதிகளை அடைத்துவைக்கவும் பயன்பட்டது. தொழிற்சங்கத் தலைவராக விளங்கி, பின்னாளில் 1981 முதல் 1985 வரை சிங்கப்பூரின் அதிபராகப் பதவி வகித்த தேவன் நாயர், 1951இல் கைதுசெய்யப்பட்டு இங்கே காவலில் வைக்கப்பட்டவர். அதன் பின் அபின் பழக்கத்திற்கு ஆளானவர்களுக்கான மறுவாழ்வு இல்லமாகவும், 1970களின் நடுவிலிருந்து விடுமுறை முகாமாகவும் தீவு உருமாறியது. இப்போது அங்கே கடல் உயிரினங்களை ஆராயும் தேசிய ஆய்வுக்கூடம் இயங்குகிறது. அச்சத்தோடு மனிதர்களை அடைத்துவைத்த இடம், கடலை அறிவதற்கான இடமாக மாறியிருப்பது பாராட்டுக்குரிய மாற்றம்; எனினும் அதன் முந்தைய வரலாற்றையும் தமிழில் எடுத்துச் சொல்லும் முயற்சிகள் இன்னும் பெருக வேண்டும்.

கூசு: வழிபாடுகள் சேரும் இடம்

கிழக்கே சற்றுத் தள்ளியுள்ள கூசு தீவு, ஆமைத் தீவு என்றும் அழைக்கப்படுகிறது. கடலில் தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற ஓர் ஆமை தீவாக மாறியது என்பது அதன் தலபுராணம். சீனர் வணங்கும் துவா பெக் கோங் தெய்வத்திற்கு 1923இல் எழுந்த கோயிலும், குன்றின் மேல் 152 படிகளுக்கு அப்பாலுள்ள மலாய் அடக்கத்தலங்கள் மூன்றும் அருகருகே அமைந்துள்ளன. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் பக்தர்கள் திரண்டு வந்து இரண்டிடத்திலும் வணங்குகின்றனர். 2022இல் குன்றின் மேலிருந்த தலங்கள் தீக்கு இரையானபோது பலரும் மனம் வருந்தியதற்கு இந்தப் பொதுமையே காரணம். தர்காவிலும் கோயிலிலும் ஒருசேர நேர்ந்துகொள்ளும் நாகூர் வழக்கத்தை அறிந்த தமிழருக்குக் கூசுவின் இயல்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலைக்குக் கீழே

சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள வகைகள் பதிவாகியுள்ளன. இது உலகில் அறியப்பட்ட வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நிலமீட்பினால் பாறைகளின் பெரும்பகுதி புதைந்துபோன பின்னும், கலங்கிய நீரில் ஒளி சில மீட்டர் ஆழத்திற்கே எட்டும் நிலையிலும், இத்தனை வகைகள் பிழைத்திருப்பது வியப்புக்குரியது. நூறாண்டுகளாகக் காணப்படாமல் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நெப்டியூன் கிண்ணம் என்னும் பெரிய கடற்பஞ்சு, 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவின் அருகே மீண்டும் கண்டறியப்பட்டது. 2014இல் நாட்டின் முதல் கடல் பூங்காவாக சிஸ்டர்ஸ் தீவுகள் அறிவிக்கப்பட்டன. மேம்பாட்டுப் பணிகளுக்குப் பின் பெரிய சிஸ்டர்ஸ் தீவு 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. லாசரஸின் தென்பகுதியையும் கூசுவின் பாறையையும் சேர்த்து இரண்டாம் கடல் பூங்கா அமைக்கும் திட்டமும் அதே ஆண்டில் வெளியானது. ஒரு லட்சம் பவளங்களை வளர்த்து நடும் தேசியத் திட்டமும் தொடங்கிவிட்டது.

இந்த உயிர்ச்செல்வம் எவ்வளவு எளிதில் ஊறுபடும் என்பதை 2024 ஜூன் 14 அன்று நடந்த விபத்து உணர்த்தியது. பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றுகொண்டிருந்த எரிபொருள் நிரப்பும் கப்பலின் மீது மோத, ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு ஆகியவற்றின் கரைகள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் துப்புரவுப் பணியில் இறங்கினர். அதே ஆண்டில் கடல் வெப்பம் மிகுந்ததால் பவளங்கள் வெளிறவும் செய்தன. வெளிறுதல் என்பது, பவளத்தின் உடலில் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெப்பத்தால் நீங்கிவிட, அது நிறமிழந்து பட்டினியில் நலிவதாகும்.

தனி மனிதரின் பங்கு இதில் சிறிதாகத் தோன்றினாலும் உண்மையானது. நங்கூரத்தைப் பாறையின் மேல் போடாமல் மணலில் போடும் படகோட்டியைத் தேர்ந்தெடுப்பதும், வற்றிய நேரத்தில் வெளிப்படும் பவளத்தின் மேல் கால் வைக்காதிருப்பதும், சிப்பி சங்குகளைப் பையில் போட்டுக்கொள்ளாதிருப்பதும், கொண்டுபோன குப்பை முழுவதையும் திரும்பக் கொண்டுவருவதும் யாராலும் இயலும் செயல்கள். கடல் பூங்காவிலிருந்து உயிரினங்களை எடுப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

தேக்காவிலிருந்து தீவுக்கு

லிட்டில் இந்தியாவைச் சிங்கப்பூர்த் தமிழர் தேக்கா என்றே சொல்கின்றனர். அங்கிருந்து தெற்குத் தீவுகள் வெகு தொலைவில் இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறி, டோபி காட்டில் வடக்கு தெற்குத் தடத்திற்கு மாறினால், அத்தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரை அடையலாம். பொதுமக்களுக்கான தீவுப் படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. யாட்டின் வாடகையோடு ஒப்பிடுகையில் இப்படகின் கட்டணம் மிகக் குறைவு. ஞாயிறு ஒருநாள் மட்டும் ஓய்வு கிடைக்கும் கட்டுமானத் தொழிலாளரும் எட்டிப்பிடிக்கத்தக்க பயணம் அது. செயின்ட் ஜான்ஸில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால், யாட்டில் வந்தவர்கள் குளிக்கும் அதே லாசரஸ் கரையை அடைந்துவிடலாம். நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையும், நீரின் மேலேயே பகலைக் கழிக்கும் இன்பமும் யாட்டில் கூடுதலாகக் கிடைப்பவை. மணலும் கடலும் அனைவருக்கும் ஒன்றே.

தீவுகளில் உணவும் குடிநீரும் கிடைக்கும் என்று நம்பிச் செல்லலாகாது. தேக்கா சந்தையின் உணவுக் கடைகளிலோ அங்குள்ள சிராங்கூன் சாலையிலோ காலையிலேயே இட்லி, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு போன்று வெயிலில் எளிதில் கெடாத உணவுகளைக் கட்டிக்கொள்வது நல்லது. தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் பொடியே ஏற்றது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், தொப்பி, உடலை மூடும் நீச்சலுடை, மாற்றுத்துணி ஆகியவை தேவைப்படும். கடற்குமட்டல், கண் காணும் நிலையான அறையும் காது உணரும் அசைவும் முரண்படுவதால் உண்டாவது. அறைக்குள் அமராமல் தளத்தில் அமர்ந்து தொடுவானத்தை நோக்கினால் அது தணியும். மாத்திரை போடுவோர் படகேறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

பருவத்தையும் கருத வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நீடிப்பதுண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராவின் பக்கமிருந்து விடியலிலும் முற்பகலிலும் சூறைக்காற்றோடு கூடிய மழைவரிசைகள் விரைந்து வந்து போகும். பருவம் மாறும் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. வானிலை காரணமாகப் படகோட்டி பயணத்தைத் தள்ளிவைத்தால், கொடுத்த பணத்தை எண்ணி அவரை வற்புறுத்தாதிருப்பதே அறிவுடைமை.

சிங்கப்பூரில் தமிழரின் வரலாறு சிராங்கூன் சாலையில் தொடங்குவதாகவே பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. அச்சாலையை வந்தடைவதற்கு முன் பலர் இந்தக் கடலில் காத்திருந்தனர், இந்தத் தீவில் சோதிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவ்வரலாறு முழுமை பெறும். தமிழ் அமைப்புகளும் பள்ளிகளும் ஆண்டுக்கொரு முறையேனும், யாட்டிலோ பொதுப்படகிலோ, இளையோரைத் தெற்குத் தீவுகளுக்கு அழைத்துச் சென்று, நீந்தவும் விளையாடவும் விடுவதோடு, அங்கு வந்திறங்கியோரின் கதையையும் அங்கு வாழும் பவளத்தின் நிலையையும் எடுத்துரைக்க முன்வர வேண்டும். முன்னோர் கடந்து வந்த கடலை அறிந்து வளரும் தலைமுறை, அதைக் காக்கும் பொறுப்பையும் தன்னுடையதாக ஏற்கும்.